நூலகத்தில் ‘இல்லை’ என்று சொன்னால்: புது ஆய்வாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த முதல் வருடத்தில் ஏழு மாதத்தை நூலகக் கணினி முன்னால் தொலைத்தேன். என் தலைப்பு 1930களில் வந்த தமிழ்ப் பெண்கள் இதழ்கள். காலையில் போவேன், இதழ் பெயரைத் தட்டுவேன், ‘பதிவுகள் எதுவும் இல்லை’ என்று வரும், கேன்டீனில் ஒரு டீ குடித்துவிட்டு விடுதிக்குத் திரும்புவேன். இல்லை என்றால் இல்லைதானே என்று இருந்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, நான் தேடியதில் பாதி அதே கட்டடத்தில், நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேர் மேலே இரண்டாவது மாடியில் இருந்தது.

தமிழ்நாட்டில் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் தமிழ், வரலாறு, சமூகவியல் மாதிரியான துறைகளில் புதிதாகச் சேர்ந்தவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அறிவியல் துறைக்காரர்கள் 1, 3, 7 மட்டும் படித்தால் போதும்.

1. முதலில் காகிதங்கள், அப்புறம் அட்டை

நூலக அட்டைக்கு எல்லா இடத்திலும் கேட்பவை ஏறத்தாழ இவைதான்: பதிவு ஆணையின் நகல், அந்த ஆண்டுக் கட்டண ரசீது, நெறியாளரும் துறைத்தலைவரும் கையெழுத்திட்ட விண்ணப்பம், ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள். திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை என்று ஒன்று கட்டச் சொல்வார்கள். நான் கட்டியது 1,000 ரூபாய். உங்கள் இடத்தில் கூடவோ குறையவோ இருக்கலாம். அந்த ரசீதைப் போட்டோ எடுத்து வையுங்கள். ஏன் என்பது கடைசிப் படியில் வரும்.

விண்ணப்பம் கொடுத்து அட்டை கைக்கு வர எனக்குப் பதினாறு நாள் ஆனது. அதில் பதினோரு நாள் துறைத்தலைவரின் மேஜையில் போனது. மே மாதத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். விடுமுறை, இருப்புச் சரிபார்ப்பு இரண்டும் சேர்ந்து வரும்.

கையெழுத்து வாங்கப் போகும் அன்றே பொனஃபைடு சான்றிதழையும், அதாவது நீங்கள் இங்கே ஆய்வு மாணவர்தான் என்று துறை தரும் கடிதத்தையும் வாங்கிவிடுங்கள். ‘சம்பந்தப்பட்டவர்களுக்கு’ என்று பொதுவாக எழுதிய கடிதம் ஒன்று போதும் என்று நினைத்தேன். ஆவணக் காப்பகத்துக்கும் வெளி நூலகங்களுக்கும் அவரவர் பெயருக்கு எழுதிய, ஆய்வுத் தலைப்பும் தேவைப்படும் காலமும் குறிப்பிட்ட, முத்திரை வைத்த கடிதம்தான் எடுபடும். ஒரே நாளில் ஐந்து கடிதம் கேட்டால் துறை அலுவலகத்தில் முகம் சுளிப்பார்கள்தான். ஒவ்வொன்றாக ஐந்து முறை அலைவதைவிட அது மேல்.

பகுதி நேர ஆய்வாளர்கள் அட்டையில் காலாவதித் தேதியைப் பாருங்கள். கட்டண ரசீதின் ஆண்டோடு அட்டையும் முடிந்துவிடும். ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட நண்பர் ஒருவர் எனக்கு உண்டு.

2. தலைப்போடு போகாதீர்கள், சீட்டோடு போங்கள்

‘பெண்கள் இதழ்கள் பற்றி என்ன இருக்கு சார்?’ என்று கேட்டால் எந்த நூலகரும் அலமாரியைக் கைகாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஊர், ஆண்டு. இதழ் என்றால் தொகுதி, இதழ் எண், மாதம், பக்கம். இத்தனையும் எழுதிய சீட்டை நீட்டினால் அதே ஆள் எழுந்து வருவார்.

அந்த விவரங்களுக்கு முதலில் போக வேண்டிய இடம் சோத்கங்கா. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் இலவசத் தளம் அது. உங்கள் தலைப்பை ஒட்டிய ஆய்வேடுகள் நாலைந்தாவது இருக்கும். அவற்றை முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்காராதீர்கள். ஒவ்வொரு ஆய்வேட்டையும் இயல் இயலாகத் தனித்தனிக் கோப்பாக ஏற்றியிருப்பார்கள். முதலில் துணைநூற்பட்டியல் இருக்கும் கோப்பைத் திறங்கள். எந்த இதழ் எந்த நூலகத்தில் பார்க்கப்பட்டது என்பதைச் சிலர் அங்கேயே எழுதியிருப்பார்கள். இல்லாவிட்டால் நன்றியுரையைப் பாருங்கள். எந்தெந்த நூலகத்தாருக்கு நன்றி சொல்லியிருக்கிறார்களோ அதுதான் உங்கள் பயணத் திட்டம்.

இதில் இரண்டு சிக்கல். தமிழ் ஆய்வேடுகள் பல, பக்கங்களைப் படமாக ஸ்கேன் செய்து ஏற்றியவை. உள்ளே சொல் தேட முடியாது. தலைப்பையும் சில பல்கலைக்கழகங்கள் தமிழிலும், சில ஆங்கில எழுத்திலும், சில ஆங்கில மொழிபெயர்ப்பிலும் போட்டிருக்கும். மூன்று விதமாகவும் தேடுங்கள். இரண்டாவது, துணைநூற்பட்டியலில் இருக்கும் ஆண்டை அப்படியே நம்பாதீர்கள். மறுபதிப்பின் ஆண்டை முதற்பதிப்பின் ஆண்டாகப் போடுவது நம் ஆய்வேடுகளில் வழிவழியாக வரும் தவறு. ஒருவர் போட்டதை அடுத்தவர், அவருடையதை அவர் மாணவர் என்று போய்க்கொண்டே இருக்கும்.

3. மின்னிதழ்கள்: காசு கேட்டால் கட்டிவிடாதீர்கள்

2025 ஜனவரி 1 முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் நடப்பில் இருக்கிறது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களில் இருப்பவர்கள் காசில்லாமல் படிக்கலாம். மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கிய திட்டம். பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும், காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் இதை ஒருங்கிணைக்கிறது. முதல் கட்டத்தில் தனியார் நிறுவனங்கள் இல்லை.

இது தெரியாமல் நான் ஒரே ஒரு கட்டுரைக்கு 39 டாலர், அதாவது மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய் கட்டினேன். அதுவும் நூலகத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு. காரணம் இதுதான்: பல்கலைக்கழக இணைப்பின் முகவரியை வைத்துத்தான் பதிப்பகம் நம்மை அடையாளம் காண்கிறது. நான் என் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டு மடிக்கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பதிப்பகத்தைப் பொறுத்தவரை நான் தெருவில் போகிற யாரோ. வளாக வைஃபைக்கு மாறி அதே பக்கத்தைப் புதுப்பித்ததும் முழுக் கட்டுரையும் திறந்தது. பக்கத்தில் இருந்த எம்.ஃபில். அக்கா சிரிக்கவில்லை, ‘நானும் கட்டியிருக்கேன்’ என்றார்.

விடுதி அல்லது வீட்டிலிருந்து படிக்க இன்ஃபெட் (INFED) என்ற கணக்கு வேண்டும். நூலகத்தில் கேட்டால் திறந்து தருவார்கள்; பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரி இருந்தால் வேலை சுலபம். எனக்கு மூன்று நாள் ஆனது. உள்நுழையும்போது உங்கள் நிறுவனத்தின் பெயரைப் பட்டியலில் சரியாகத் தேர்ந்தெடுங்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள பல்கலைக்கழகங்கள் நம்மிடம் நிறைய.

இன்னொன்று. ஒரு இதழின் எல்லாத் தொகுதிகளையும் ஒரே இரவில் இறக்கிவிடலாம் என்று ஆசைப்படாதீர்கள். அப்படிச் செய்தால் பதிப்பகம் உங்களை மட்டும் நிறுத்தாது, மொத்தப் பல்கலைக்கழகத்தின் இணைப்பையும் நிறுத்திவைக்கும்.

சந்தாவில் இல்லாத கட்டுரை என்றால், அன்பேவால் (Unpaywall) என்ற உலாவி நீட்சியைப் போட்டுக்கொள்ளுங்கள். சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் படி எங்காவது இருந்தால் பக்க ஓரத்தில் பச்சைப் பூட்டு காட்டும். ஜேஸ்டோர் (JSTOR) என்ற ஆய்விதழ்த் தளத்தில் சொந்தக் கணக்கு தொடங்கினால் 30 நாளைக்கு 100 கட்டுரை வரை இணையத்திலேயே இலவசமாகப் படிக்கலாம், இறக்க முடியாது. அதுவும் இல்லையென்றால் கட்டுரையாளருக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். நான் ஆறு பேருக்கு எழுதினேன், நான்கு பேர் அனுப்பினார்கள், ஒருவர் என் தலைப்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினார்.

தமிழ்த் துறைக்காரர்கள் இந்தப் படியோடு நின்றுவிடக் கூடாது. 13,000 இதழ் என்ற எண்ணைப் பார்த்து எல்லாம் கிடைத்துவிட்டதென்று நினைப்போம். 1935-இல் காரைக்குடியிலோ ஈரோட்டிலோ அச்சான எதுவும் அதில் இல்லை.

4. கணினி ‘இல்லை’ என்றால் என்ன அர்த்தம்

என்னுடைய ஏழு மாதம் இங்கேதான் போனது. கணினிப் பட்டியல் வேறு, நூலகம் வேறு. பட்டியலில் இல்லாத புத்தகம் அலமாரியில் இருக்கும், பட்டியலில் இருக்கிற புத்தகம் அலமாரியில் இருக்காது.

முதலில் எழுத்தைப் பாருங்கள். பழைய பதிவுகள் ஆங்கில எழுத்தில் இருக்கும், அதுவும் நூலகர்களின் எழுத்துப்பெயர்ப்பு முறையில் இருக்கலாம். அந்த முறையில் தமிழின் க எப்போதும் ஆங்கிலக் கே (K), ச எப்போதும் சி (C). காந்தியை ஜி-யில் தேடினால் வரமாட்டார். சுப்பிரமணியன் எஸ் எழுத்தில் இல்லை, சி-யில் இருப்பார். சாமிநாதையரும் அப்படித்தான். தமிழில் ஏற்றிய பதிவுகளிலும் ஒருங்குறி (யூனிகோட்) வருவதற்கு முந்தைய எழுத்துருவில் தட்டியவை திரையில் குப்பையாகத் தெரியும். அவை எந்தத் தேடலிலும் சிக்காது. அதனால் ஆசிரியர் பெயரில் கிடைக்காவிட்டால் தலைப்பின் நடுச்சொல் ஒன்று, பதிப்பகம், ஆண்டு என்று வேறு வேறு வழியில் நுழைந்து பாருங்கள்.

அடுத்து, பழைய அட்டைப் பட்டியல். சின்னச் சின்ன மர இழுப்பறைகள் கொண்ட பெரிய அலமாரி எங்காவது படிக்கட்டுக்கு அடியில் கிடக்கும். அதைத் தூக்கிப் போடாத நூலகம் என்றால் நீங்கள் அதிர்ஷ்டக்காரர். கணினியில் ஏற்றாத பல நூல்களுக்கு அட்டை அங்கே இருக்கும்.

அலமாரியில் தேட அனுமதித்தால் வகைப்பாட்டு எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். டியூயி முறையில் தமிழ் இலக்கியம் 894.811, தமிழ் மொழி 494.811. நூலகவியலாளர் ரங்கநாதன் வகுத்த கோலன் முறையைப் பின்பற்றும் நூலகங்களில் எண்ணைப் பார்த்ததும் மிரண்டு போவீர்கள், ஆனால் இலக்கியத்துக்கு அதுதான் சுலபம். ஆங்கில ஓ எழுத்து என்றால் இலக்கியம், 31 என்றால் தமிழ், காற்புள்ளிக்கு அப்புறம் 1 கவிதை, 2 நாடகம், 3 புனைகதை. அதற்குப் பின் வருவது எழுத்தாளர் பிறந்த ஆண்டு: எம் என்றால் 1800கள், என் என்றால் 1900கள். பாரதியார் 1882-இல் பிறந்தவர், ஆகவே எம் 82. புதுமைப்பித்தன் 1906, ஆகவே என் 06. அலமாரி வரிசை பிறந்த வரிசைதான். ஒருவரைத் தேடிப் போனால் அவர் வயதொத்தவர்கள் பக்கத்திலேயே நிற்பார்கள்.

இவ்வளவுக்கும் கிடைக்கவில்லையா, அரிய நூல் பிரிவில் நீண்ட நாள் வேலை பார்த்த ஊழியரைத் தேடிப் பிடியுங்கள். எனக்குத் தேவைப்பட்ட இதழின் மூன்றாம் தொகுதி எந்தப் பட்டியலிலும் இல்லை. ஓய்வு பெற ஒரு வருடம் இருந்த உதவியாளர் ஒருவர், நூலகத்துக்கு வந்த நூல்களை வந்த வரிசையில் எழுதிவைக்கும் சேர்ப்புப் பதிவேட்டை எடுத்து விரலால் வரி வரியாக ஓட்டினார். ‘இது தனியா வரலம்மா, வேற ஒண்ணோட சேர்த்துத் தச்சிருக்கு’ என்றார். விவசாய இதழ் ஒன்றின் 1934-ஆம் ஆண்டுத் தொகுதி. சிவப்பு காலிகோ துணி அட்டை, முதுகில் விவசாய இதழின் பெயர் மட்டும். பாதி வரை நெல் விலையும் மாட்டு வைத்தியமும் படித்துக்கொண்டே போனால், நடுவில் தாள் நிறம் மாறி என் இதழ் தொடங்கியது. அளவு ஒன்றாக இருந்ததால் பைண்டர் இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டார். பட்டியல் போட்டவர் முதல் பக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறார்.

ஆகவே ‘இல்லை’ என்ற பதில் வந்தால் மறுபடி கேளுங்கள்: பைண்டிங்குக்குப் போயிருக்கிறதா? பேராசிரியர் யாராவது எடுத்திருக்கிறாரா? எப்போது திரும்பும்? வேறு தொகுப்போடு சேர்ந்திருக்குமா? சேர்ப்புப் பதிவேட்டில் பார்க்க முடியுமா? மரியாதையாக, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். மதிய உணவுக்குச் சற்று முன்னால் கேட்காதீர்கள்.

5. கைக்கு வந்த பிறகு

அரிய நூல் பிரிவில் பேனா வேண்டாம், பென்சில் கொண்டு போங்கள். 1930களின் தாள் பிஸ்கட் மாதிரி. புரட்டும்போதே ஓரம் உதிர்ந்து மேஜையில் மஞ்சள் தூள் விழும். ஜெராக்ஸ் எந்திரத்தில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு விட்டுவிடும், அதனால் பெரும்பாலும் ஜெராக்ஸுக்கு விடமாட்டார்கள். போனில் படமெடுக்க எழுத்தில் அனுமதி கேளுங்கள். சில இடத்தில் இலவசம், சில இடத்தில் பக்கத்துக்குக் கட்டணம். ஆராய்ச்சிக்காக அளவோடு பிரதி எடுப்பதற்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது, ஆனால் நூலகத்தின் விதி தனி. சட்டம் பேசி ஊழியரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள்.

படமெடுக்கும்போது ஒழுங்கு முக்கியம். முதல் படம் நூலின் முதுகு, இரண்டாவது தலைப்புப் பக்கம், அதன் மேல் உங்கள் கோரிக்கைச் சீட்டு. அப்புறம்தான் உள்ளே. பக்க எண் படத்தில் விழுகிறதா என்று ஒவ்வொன்றிலும் பாருங்கள். நான் முதல் வாரம் எடுத்த நானூறு படங்களில் எது எந்த இதழ் என்று தெரியாமல் மறுபடி போய் எல்லாவற்றையும் எடுத்தேன்.

பழைய இதழ்களில் ஒரு கண்ணி: ஆங்கில மாதம் இருக்காது, ‘பிரஜோத்பத்தி வருடம் தை மாதம்’ என்று மட்டும் இருக்கும். பிரஜோத்பத்தி 1931 ஏப்ரலில் தொடங்குகிறது என்று பார்த்து 1931 என்று எழுதிவிடுவோம். தை என்றால் அது 1932 ஜனவரி-பிப்ரவரி. தை, மாசி, பங்குனி எல்லாமே அடுத்த ஆங்கில ஆண்டில்தான் விழும். வாய்மொழித் தேர்வில் இதைப் பிடிக்கிற தேர்வாளர்கள் இருக்கிறார்கள்.

6. உங்கள் நூலகத்தில் உண்மையிலேயே இல்லை என்றால்

உடனே ரயில் ஏறாதீர்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகத்தைப் பாருங்கள். பழைய நூல்கள், இதழ்கள், நாட்டுடைமையான ஆக்கங்கள் அங்கே இலவசம். ஈழத்து நூல் அல்லது இதழ் என்றால் ‘நூலகம்’ (noolaham.org) என்ற பெயரிலேயே இருக்கும் இணையதளம்.

அச்சு நூல் வேண்டுமென்றால் நூலகங்களுக்கு இடையிலான இரவல் உண்டு. உங்கள் பல்கலைக்கழகம் டெல்லியைச் சேர்ந்த டெல்நெட் என்ற நூலக வலையமைப்பில் உறுப்பினராக இருந்தால் உங்கள் நூலகர் வழியாகக் கேட்கலாம். நாமே நேரடியாகக் கேட்க முடியாது. ஒரு நூல் எனக்கு வந்துசேர 23 நாள் ஆனது, கூரியர் செலவை நான் கொடுத்தேன், வெளியே எடுத்துப்போக விடவில்லை. ஆங்கில நூல்களுக்கு நல்ல வழி. பழந்தமிழ் அச்சு நூல்களை யாரும் அனுப்ப மாட்டார்கள், அதற்கு நாம்தான் போக வேண்டும்.

சென்னை என்றால் ஒரு வாரத்தை ஒதுக்குங்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பழைய இதழ்களுக்கு முதலில் போக வேண்டிய இடம். அவர்கள் பட்டியலை இணையத்தில் பார்த்து, எண்களை எழுதிக்கொண்டு, முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் போனால் முதல் நாளே வேலை தொடங்கும். எழும்பூரில் கன்னிமாரா, இந்தியாவில் அச்சாகும் நூல்களின் ஒரு படி சட்டப்படி வந்துசேர வேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று, சட்டம் 1954-இல் வந்தது. ஆகவே அதற்குப் பிந்தைய நூலுக்கு அங்கே வாய்ப்பு அதிகம். எல்லாப் பதிப்பகத்தாரும் ஒழுங்காக அனுப்பவில்லை என்பது வேறு கதை. பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், சுவடிகளுக்கும் பழம்பதிப்புகளுக்கும். தெற்கே இருப்பவர்கள் முதற்பதிப்புகளுக்குப் புதுக்கோட்டை ஞானாலயாவைக் கேட்டுப் பாருங்கள், போன் செய்துவிட்டுத்தான் போக வேண்டும்.

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை நூலகம் மாதிரி நினைக்காதீர்கள். முதலில் அனுமதி விண்ணப்பம், துறையின் கடிதம், அடையாள அட்டை. அனுமதி வந்த பிறகு பயணச்சீட்டு எடுங்கள். இதழ் ஆய்வு செய்பவர்களுக்கு அங்கே இரண்டு புதையல். ஒன்று, வாராவாரம் உள்ளூர் மொழிப் பத்திரிகைகளில் வந்ததை அரசுக்கு மொழிபெயர்த்துச் சுருக்கிக் கொடுத்த அறிக்கைகள். இதழே அழிந்துபோயிருந்தாலும் அதில் வந்த செய்தி இங்கே இருக்கும். மற்றொன்று, பதிவான நூல்களின் காலாண்டுப் பட்டியல். எத்தனை படி அச்சடித்தார்கள், விலை என்ன என்பது வரை இருக்கும்.

ஒரு வாரத்துக்கு எனக்கு ஆன செலவு தங்குமிடம், சாப்பாடு, பஸ், பிரதிகள் எல்லாம் சேர்த்து 7,200 ரூபாய். அதில் பிரதிகளுக்கு மட்டும் 2,600. உதவித்தொகையில் எதிர்பாராச் செலவு நிதி (கன்டின்ஜென்சி) இருந்தால் எல்லா ரசீதையும் உங்கள் பெயருக்குத் தேதியோடு வாங்குங்கள். வெறும் துண்டுச் சீட்டைக் கணக்குப் பிரிவு ஏற்காது.

7. ஆய்வேடு கொடுப்பதற்கு முன்: நோ டியூ

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க நூலகத்தின் பாக்கியில்லாச் சான்று வேண்டும். இதைக் கடைசி வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். நூலைத் திருப்பிக் கொடுக்கும்போது ஊழியர் பதிவை நீக்குகிறாரா என்று திரையைப் பார்த்தபடி நின்று, முடிந்தால் ரசீது கேளுங்கள். நான் கொடுத்த ஒரு நூல் கணினியில் என் பெயரிலேயே இரண்டு வருடம் இருந்தது. அது அலமாரியில் இருப்பதை நானே போய் எடுத்துவந்து காட்டிய பிறகுதான் நீக்கினார்கள். அதுவரை ஏறிய தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய ஒரு கடிதம், அதற்கு மூன்று கையெழுத்து, ஒன்பது நாள்.

வைப்புத்தொகையைத் திரும்ப வாங்க முதல் நாள் கொடுத்த அசல் ரசீது வேண்டும். என்னுடையது விடுதி மாறும்போது எங்கோ போய்விட்டது. முத்திரைத்தாளில் தொலைந்ததாக எழுதிக் கொடுத்து, கூடவே போனில் இருந்த போட்டோவின் பிரதியைக் காட்டி, நாலு மாதம் கழித்து அந்த 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வந்தது.